ஒரே வீட்டுத் திட்டம்

தானியேல் வீட்டில் திருடர்கள் ஆசைப்படும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்தவற்றில் விலை கூடியவை வீட்டின் உள்ளும் புறமும் தொங்கிய அந்த ஆறு கேமராக்கள்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் ஷிஃப்ட் இன்சார்ஜ். புதுவாழ்வு நகரில் வீடு கட்டிக் குடிவந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பட்டா விஷயமாகத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனவர், பட்டா கிடைக்காத எரிச்சலில் பக்கத்துக் கடை ஒன்றில் நுழைந்து கேமராக்களோடு திரும்பி வந்தார். எதிர்வீட்டில் இரண்டு இருந்தன. ஆகவே இவர் ஆறு வாங்கினார். கேட்டுக்கு ஒன்று, போர்ட்டிகோவுக்கு ஒன்று, சமையலறை அடுப்பு வரை தெரியும்படி ஹாலுக்கு ஒன்று, மாடிப்படிக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று. ஆறாவதற்கு இடம் தேடிச் சலித்து, கடைசியில் போர் மோட்டாரைப் பார்க்கும்படி மாட்டினார். பிறகு போதகரை அழைத்து ஜெபம் வைத்தார். புது வீட்டுக்கும் புது வண்டிக்கும் ஜெபித்துப் பழகியவர் போதகர். கேமராவுக்கு என்ன கேட்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு, எல்லாவற்றையும் காண்கிறவரே என்று தொடங்கி ஒருவழியாகச் சமாளித்தார்.

முதல் மூன்று மாதம் சந்தா இலவசம் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான்காம் மாதம் என்ன நடக்கும் என்பது பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. கேமரா பார்ப்பதற்குக் காசில்லை. பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொள்வதற்குத்தான் காசு. ஒரு கேமராவுக்கு நூற்றைம்பது என்று ஆறுக்கும் சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய், நான்காம் மாதம் முதல் தேதி, யாரையும் கேட்காமல் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து நழுவிப் போனது. போர் மோட்டார் மாதம் முழுக்க என்ன செய்தது என்று தெரிந்துகொள்ள நூற்றைம்பது ரூபாயா என்று மனைவி சாராள் கேட்டாள்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். இந்தியில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர் என்று கைமாறி, கடைசியில் தமிழ் பேசும் பெண் ஒருத்தி வந்தாள். ஆறு எடுத்திருக்கிறேனே, ஒன்றைக் கொசுறாக விடக்கூடாதா என்று பொன்னேரி மீன் மார்க்கெட்டில் கேட்பது போலவே கேட்டார். அவள் சிரிக்காமல் வேறு வழிகள் சொன்னாள். முப்பது நாள் பதிவை ஏழு நாளாகக் குறைத்தால் பாதிக் காசு. தானியேலுக்கு அது பதவியிறக்கம் போலப் பட்டது. கேமராவுக்குள்ளேயே மெமரி கார்டு போட்டால் சந்தாவே வேண்டாம். திருடன் கேமராவையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனால், திருடனைப் பற்றிய ஆதாரம் திருடன் சட்டைப்பையில் இருக்குமே என்று இவர் கேட்டார். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவன் சாராளின் தம்பி சாம்சன். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒயரிங் காண்டிராக்ட் எடுப்பவன். ஆறு கேமராவையும் ஏணி வைத்து மாட்டிக் கொடுத்தவனும் அவனே.

"கம்பெனில ஒரே வீடுன்னு ஒரு பிளான் கீது மாமா. பத்து கேமரா வரைக்கும் ஒரே சந்தா. என் ஊட்ல மூணு, உன் ஊட்ல ஆறு. எல்லாத்தையும் என் பேர்ல போட்டுக்கலாம். கம்பெனிக்காரன் வந்து செவுரு எண்ணிப் பாக்கப் போறானா?"

பாதிப் பங்கைத் தான் தருவதாகத் தானியேல் முறையாகச் சொன்னார். சாம்சன் காதைப் பொத்திக்கொண்டான். "குடும்பத்துக்குள்ள இன்னா மாமா டப்பு? நாளைக்கு எங்க அக்கா சோறு போட்டா பில்லு நீட்டுமா?" என்றான். தானியேலுக்குக் கண் கலங்கியது. போனை மச்சினனிடம் கொடுத்தார். பத்து நிமிஷம் எதையெதையோ தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். திரையில் ஆறு சதுரங்கள் முன்போலவே தெரிந்தன. பில்தான் ஒன்று, கண் அவரவருக்கு என்று தானியேல் எடுத்துக்கொண்டார். வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும்படி யாரும் சொல்லவும் இல்லை.

தொள்ளாயிரத்தைப் பூஜ்ஜியமாக்கிய சாதனையை வீட்டோடு வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. மீட்பர் ஆலயத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் செயற்குழுத் தேர்தல் இன்னும் மூன்று மாதத்தில் இருந்தது. செயலர் பதவிக்கு அவர் நிற்கிறார். இருக்கும் செயலர் சாலமோன், ஜெனரேட்டரும் மைக்செட்டும் வாடகைக்கு விடுபவர், ஒன்பது வருஷமாக இறங்காதவர். ஆலய வாசலில் அவர் பதித்த கல்வெட்டில் ஆண்டவர் பெயரைவிட அவர் பெயர் ஒரு விரற்கடை பெரிது. ஆலயத்துக்கு நாலு கேமரா போட்டு மாதாமாதம் சந்தா கட்டவைத்தவரும் அவரே. தானியேல் அச்சடித்த ஏழு அம்ச வாக்குறுதியில் ஆறாவது அம்சம்: சபைக் கேமராக்களின் சந்தா பூஜ்ஜியமாக்கப்படும். ஏழாவது அம்சம் அதைவிடக் கம்பீரமானது: செயலரின் உறவினர் எவருக்கும் சபைப் பணிகள் வழங்கப்படமாட்டா.

பதவியில் காசு இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் மைக் முன்னால் நின்று அறிவிப்பு வாசிப்பவர் செயலர்தான். முப்பது வருஷம் காணிக்கைப் பை ஏந்தி வரிசைக்கு வரிசை குனிந்து போனவர் தானியேல். ஒருமுறையாவது நிமிர்ந்து நின்று, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க, இந்த வாரம் பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லவேண்டும். குளியலறையில் அவர் அதைச் சொல்லிப் பார்ப்பது சாராளுக்குத் தெரியும். கேட்காதது போல மிக்ஸியைப் போட்டுக்கொள்வாள்.

இந்தச் சபையில் யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்பதில்லை, அது அநாகரிகம். ஜெபத்துக்கு அழைப்பார்கள். வந்தவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய வியாதி வெக்கையைச் சொல்லி, கடைசியில் இவரை இவருடைய தீர்மானத்தில் உறுதியாக நிறுத்தும் என்று வேட்பாளர் ஜெபிப்பார். வந்தவர் ஆமென் சொல்வார். ஆமென் சொன்ன ஓட்டு விழுந்த ஓட்டு. மாற்றிப் போட்டவர்களும் உண்டு; அதற்குப் பிறகு அடுத்த தேர்தல் வரைக்கும் அவர்கள் யாரையும் நேர்கண்ணால் பார்த்ததில்லை.

தானியேல் இந்த ஜெபங்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தார். முதல் ஷிஃப்ட் முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம். சாலமோன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். சாலமோனுக்கு அடங்கியவர்கள், அவரிடம் வேலை செய்பவர்கள், அவருடைய வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள் எல்லாரும் பின்கதவு வழியாக வந்தார்கள். ஹாலில் ஜெபம், பிறகு போர்ட்டிகோவில் டீ. ஒவ்வொரு முறையும் கூட இருந்தவர் இம்மானுவேல் ஒருவர்தான். ஒரே நாளில், ஒரே காண்டிராக்டரின் லாரியில் வந்து இறங்கி ஆலையில் சேர்ந்தவர்கள் இருவரும். தானியேல் இன்சார்ஜ் ஆனார். இம்மானுவேல் உலைப் பக்கமே நின்றுவிட்டார். அதற்காக அவர் வருந்தியதாக யாரும் கண்டதில்லை.

மேரிதான் முதலில் அழுதுகொண்டு வந்தாள். கம்பெனி கேன்டீன் ஒன்றில் சமைப்பவள். சாலமோனின் வரிசை வீட்டில் குடி. செவ்வாய்க்கிழமை மூட்டு வலிக்கு ஜெபம். புதன்கிழமை காலை குழாயடியில் சாலமோன் நின்றிருக்கிறார். "மூட்டு வலிக்கு தானியேல் ஜெபம் பண்ணா கேக்குதாமே. அப்டியே அடுத்த மாசத்துக்கு வேற ஊடு கெடைக்கவும் ஜெபம் பண்ணச் சொல்லு" என்றாராம். அவள் டீ வேண்டாம் என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்ததுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வாரத்தில் இப்படி நாலு பேர். ஆமென்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. யாரோ உள்ளேயிருந்து சொல்கிறார்கள் என்பது தெளிவு. யார் என்பதுதான் பாக்கி. சாராளுக்கு அதில் சந்தேகமே இல்லை. "எல்லா ஜெபத்துக்கும் குந்திக்கினு இருந்தது யாரு? என் தம்பியா?" என்று கேட்டாள். தானியேல் அவளை அதட்டினார். அதட்டிவிட்டு, ஷிஃப்டில் எட்டு மணி நேரமும் அதையே யோசித்தார்.

யோசித்து ஒரு பரீட்சை கண்டுபிடித்தார். ஆலையில் எந்த மோட்டார் கெட்டது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். அதே முறைதான். இம்மானுவேலைத் தனியாகப் போர்ட்டிகோவுக்கு வரவழைத்தார். சாராளைக் கடைக்கு அனுப்பினார். கேட்டைச் சாத்தினார். தெருவில் யாரும் இல்லை என்பதைப் போனில் பார்த்து உறுதி செய்துகொண்டார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, சாலமோனின் கொழுந்தியாள், பாடகர் குழுத் தலைவி கிறிஸ்டினா டீச்சரே குழுவின் இருபது ஓட்டோடு நம் பக்கம் வந்துவிட்டாள், இதை உன் ஒருவனிடம்தான் சொல்கிறேன் என்று சொன்னார். முழுப்பொய். கிறிஸ்டினா டீச்சர் அவரைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னதுகூட இல்லை.

அவர் தலைக்கு ஒரு முழம் மேலே, ஜெபித்து மாட்டிய இரண்டாம் நம்பர் கேமரா பச்சைப் புள்ளியோடு பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் காதும் உண்டு என்று பெட்டியில் கொட்டை எழுத்திலேயே போட்டிருந்தது.

மறுநாளே சாலமோன் கொழுந்தியாள் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார். டீச்சர் பாடகர் குழு அறையின் சாவியை அவர் காலடியில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். செய்தி வந்ததும் தானியேலுக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கக்கேடு, ஒரு பெருமைதான். பரீட்சை பலித்துவிட்டதே. அதற்குப் பிறகுதான் அது யாருக்கு எதிராகப் பலித்தது என்பது உறைத்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு இம்மானுவேல் வழக்கம்போல வந்து, வழக்கமான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தானியேல் உட்காரவில்லை. முப்பது வருஷம், ஒரே லாரி, ஒரே தட்டு என்று பிரசங்க நடையில் ஆரம்பித்தார். பாதியில் நடை தடுமாறிக் கத்தலானது. கிறிஸ்டினா விஷயம் எனக்கும் உனக்கும் தவிர யாருக்கும் தெரியாது, சாலமோன் உனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டார். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. இம்மானுவேல் எழுந்து நின்றார். அவர் டீ கிளாஸை எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல், கீழே விழாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு போனார்.

கேட் சாத்திய சத்தம் அடங்குவதற்குள் உள்ளே சாராளின் போன் அடித்தது. சாம்சன். பேசிவிட்டு அவள் மாத்திரை டப்பாவோடும் தண்ணீரோடும் வெளியே வந்தாள்.

"மாமா ரொம்பக் கத்திட்டாரு, பிரஷர் மாத்திரை குடுன்னு தம்பி சொல்றான்."

தானியேல் மாத்திரையை வாங்கி வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். தான் கத்தியது அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் அளவுக்குக் கத்தினேனா?

சாராளுக்குக் கேள்வியே புரியவில்லை. "அவன்தான் பாத்துக்கினு இருக்கானே. போன வாரம் அக்கா, அடுப்புல பால் பொங்குதுன்னு போன் பண்ணான். நல்லாத்தானே இருந்துது?"

மாத்திரை தரையில் உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது.

சாம்சன் வீட்டுக்கு அவர் நடந்தே போனார். வண்டி இருந்தது நினைவுக்கு வரவில்லை. மச்சினன் பனியனோடு உட்கார்ந்து ஒயர் சுருள் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். இவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து நாற்காலி போட்டான்; மரியாதையில் அவன் எப்போதும் குறை வைத்ததில்லை.

நீதான் பார்த்துச் சொன்னாயா என்று தானியேல் கேட்டார். அந்தக் கேள்வி அவனைக் கொஞ்சம் புண்படுத்தியது போல இருந்தது.

"நான் எதுக்கு மாமா பாக்கறேன்? எனக்கு வேலை இல்லியா? பால் பொங்கினது ஏதோ கண்ணுல பட்டுது. பிளான்ல ஆறு பேரு பாக்கலாம்னு கீது. நாலு எடம் சும்மாத்தானே கெடக்குது. ஒண்ண சாலமோன் அண்ணனுக்குக் குடுத்தேன்."

சும்மா கிடந்ததைக் கொடுத்தானாம். தானியேல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சந்தாவை நீதானே கட்டுகிறாய், ஒரு பைசா வேண்டாம் என்றாயே என்றார். ஏதாவது ஓர் இடத்தில் அவன் நல்லவனாக இருந்துவிட்டால் போதும் என்று அவருக்கு இருந்தது.

சாம்சன் ஒயரைச் சுருட்டினான். "என்கிட்ட ஏது மாமா அவ்ளோ? அவுருதான் கட்றாரு. நீ நோட்டீஸ் அடிச்ச மாசத்துலேருந்து."

ஆக, ஆறாவது அம்சத்துக்கு முன்மாதிரியான அந்தப் பூஜ்ஜியச் சந்தாவை எதிர் வேட்பாளர்தான் மாதாமாதம் கட்டிவந்திருக்கிறார். ஆண்கள் கூட்டத்தில் அந்த அம்சத்தைத் தானியேல் விளக்கியபோது முன்வரிசையில் சாலமோன் இருமியது நினைவு வந்தது. அது இருமல் இல்லை.

அக்கா புருஷனுக்கு ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு மட்டும் சாம்சன் நிமிர்ந்து பார்த்தான். அதுவரை இருந்த சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

"சர்ச்சுல கட்ற புது ஹாலு ஒயரிங் எனக்குன்னு அவுரு சொல்லிக்கீறாரு. நீ இன்னா சொன்ன? ஆம்பளைங்க கூட்டத்துல நின்னுக்கினு, சொந்தக்காரனுக்கு ஒரு ஆணி அடிக்கக் கூட வேலை குடுக்க மாட்டேன்னு சொன்ன. நான் ரெண்டாவது வரிசைல குந்திக்கினு இருந்தேன் மாமா. எல்லாரும் கை தட்னாங்க. நானும் தட்னேன்."

தானியேல் பதில் தேடினார். கொள்கை, முன்மாதிரி, சபையின் சாட்சி என்று நாலைந்து நல்ல சொற்கள் வாய்வரைக்கும் வந்து நின்றன. அவற்றை எடுத்து இவனிடம் போடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து ஏணி போட்டு இரண்டாம் நம்பர் கேமராவைக் கழற்றினார். ஹாலில் இருந்ததைச் சாராளே துணி போட்டு மூடியிருந்தாள். இரவில் அவள் ஒன்று கேட்டாள்: தம்பிக்கு அந்த ஒயரிங் வேலையைத் தருவதாகச் சொல்லியிருந்தால்தான் என்ன? தானியேலுக்குத் தன் வீட்டிலேயே ஏழாவது அம்சத்துக்கு ஓட்டு இல்லை என்று புரிந்தது.

வெள்ளிக்கிழமை இம்மானுவேல் வீட்டுக்குப் போனார். ஆலைக்குப் பின்னால் பழைய காலனியில் இரண்டு அறை வீடு. அவருடைய மனைவி தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். இம்மானுவேல் பாயில் உட்கார்ந்து ஷூவில் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்.

"இங்க கேமரா ஒண்ணும் கெடையாது. சொல்ல வந்தத சொல்லு."

தானியேல் சொன்னார். மன்னிப்புக் கேட்க வந்தவர், அந்தச் சொல்லுக்குப் போய்ச்சேரும் வழி தெரியாமல், ஒரே வீட்டுத் திட்டம் என்றால் என்ன, பத்து கேமரா, ஆறு பேர், யார் பெயரில் கணக்கு என்று வாடிக்கையாளர் சேவைப் பெண்ணைவிட விளக்கமாக எல்லாவற்றையும் சொன்னார். இம்மானுவேல் ஒரு ஷூ முடித்து அடுத்ததை எடுத்தார்.

"அப்போ தப்பு கேமராவுது. அதனால நான் நல்லவன்."

ஆமாம் என்று தானியேல் அவசரமாகச் சொன்னார். நல்ல இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தார்.

"உன் மச்சினன் மாத்திரைக்குப் போன் பண்ணாம இருந்தா?"

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று நின்று, குடங்களின் சத்தம் கிளம்பியது. தானியேல் அந்தப் பக்கம் பார்த்தார். இம்மானுவேல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் பேசினார்.

"ஓட்டு உனக்குத்தான்டா. ஆமென் சொல்லிட்டேன். எங்க ஊட்டு ஏழு ஓட்டும் உனக்குத்தான் வுழும், பயப்படாத. இந்த ஊட்டுக்கு மட்டும் இனிமே வராத."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாக்குப்பதிவு நடந்தது. போதகர் முன்னிலையில் எண்ணினார்கள். தானியேலுக்கு நூற்றெட்டு, சாலமோனுக்கு நூற்று மூன்று. கூட்டம் கை தட்டியது. சாம்சன் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து மாமாவுக்கு மாலை போட்டான். யார் ஜெயித்தாலும் போடுவதற்காக ஒரே மாலையாக வாங்கியிருந்தான். சாலமோன் பொன்னாடை போர்த்தி, கட்டிப்பிடித்து, காதோரம் சொன்னார்: "செயலரே, இந்த மாசத்தோட சந்தா முடியுது. அடுத்த மாசத்துலேருந்து நீங்களே பாத்துக்குங்க."

மைக் முன்னால் நின்று தானியேல் முதல் அறிவிப்பை வாசித்தார். பெண்கள் ஐக்கியச் சங்கம், புதன் மாலை ஐந்தரை மணி. குளியலறையில் வந்த குரல் வரவில்லை. வாசித்துக்கொண்டே வரிசை வரிசையாகத் தேடினார். பாடகர் குழுவில் கிறிஸ்டினா டீச்சரின் இடம் காலி. மேரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். இம்மானுவேல் குடும்பம் ஓட்டுச்சீட்டைப் பெட்டியில் போட்டதும் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை ஆலையில் ஆறேழு பேர் கைகுலுக்கினார்கள். யாரோ லட்டு கொடுத்தார்கள். இன்சார்ஜ் அறை மேஜையில் கையெழுத்துக்கு வந்த காகிதங்கள் இருந்தன. மேலாக இருந்தது ஷிஃப்ட் மாற்றக் கோரும் அச்சடித்த படிவம். தானியேலின் முதல் ஷிஃப்டிலிருந்து வேறு இன்சார்ஜின் இரவு ஷிஃப்டுக்கு, நிரந்தரமாக. விண்ணப்பிப்பவர்: இம்மானுவேல், உலைப் பிரிவு. காரணம் என்ற கட்டத்தில் சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கூப்பிட்டு விசாரித்திருப்பார். இரவு ஷிஃப்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை. தானியேல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். உலைப் பக்கம் இம்மானுவேல் இந்தப் பக்கம் திரும்பாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இன்சார்ஜ் பேனாவை எடுத்து, அனுமதிக்கப்பட்டது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வழக்கத்தில் அவர் கையெழுத்து நீளமாக வால் விட்டு ஓடும். இன்று அது கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.